பதினேழாம் வினா

“இந்நாவலில் சமயக் குறிப்புகள்
பழிவாங்கும் எண்ணத்துக்கு
எவ்வாறு துணைநிற்கின்றன? விளக்குக.”
பத்து மதிப்பெண்.
வினாவை எழுதியவளும் நான், திருத்துகிறவளும் நான்.
அஸ்தம்பட்டி வீடு, மே மாதம், மின்சாரம் இல்லை.
எழுபத்திரண்டு தாள்கள். ஒரு சிவப்புப் பேனா.

எல்லாரும் ஒன்றையே எழுதியிருக்கிறார்கள்,
நான் சொல்லிக்கொடுத்ததை.
காப்பித் தோட்டத்துக் கணக்கன் ஞானாபரணம்.
தம்பியைத் துரை கிணற்றில் தள்ளியதற்காக
இருபது வருடம் காத்திருக்கிறான்.
முப்பது வெள்ளிக்காசைத் துணியில் முடிந்துவைக்கிறான்.
பெரிய வெள்ளியன்று கத்தியைக் கழுவுகிறான்,
பிறகு கையை.
மூன்றாம் முறை சேவல் கூவக் கதவைத் தட்டுகிறான்.
வேதத்தை அவன் சாணைக்கல்லாக வைத்திருந்தான்
என்பேன் வகுப்பில்.
அந்த வரியை மட்டும் பிள்ளைகள்
பிழையில்லாமல் எழுதிவிடுகிறார்கள்.

நாற்பத்தோராவது தாள்.
பெயர் கிடையாது, மறைப்பு எண்தான்.
ஆனால் பழி என்கிற சொல்லில் ழகரத்தின் வால்
கொண்டை ஊசி வளைவுபோல
இறங்கித் திரும்பி மறுபடி இறங்குகிறது.
அப்படி எழுதுகிறவள் ஒருத்திதான்.
கோகிலவாணி. தகப்பன் பெயர் செங்கோடன்,
லாரி ஓட்டுநர், ஏற்காடு அடிவாரம்.

செங்கோடன்.
பதிமூன்றாம் வளைவில்
மிளகு மூட்டைகளுக்கு அடியில்
என் அண்ணன் இன்னாசி கிடந்தபோது
ஒரு கீறலும் இல்லாமல் சாலையோரம் உட்கார்ந்திருந்தவன்.
குடித்திருந்தான் என்றார்கள் பார்த்தவர்கள்.
பனிமூட்டம் என்றது தீர்ப்பு.
பனியை எந்தச் சிறையில் போடுவது?

நான் கூந்தலை விரித்துச் சபதம் செய்யவில்லை.
மறுவாரம் எம்.ஏ. தேர்வு;
இறுக்கி முடிந்துகொண்டு ஐந்து ரோட்டில் பஸ் ஏறினேன்.
என்றாலும் பாடத்தில்
இருபது வருடம் என்று வரும் இடத்தில்
நிறுத்தி ஒரு மிடறு தண்ணீர் குடிப்பேன்.
எனக்குப் பதினெட்டு ஆகிறது.

அவள் எழுதுகிறாள்:
“துரை இரவுகளில் என்ன செய்தார் என்று
நாவலில் ஒரு வரிகூட இல்லை.
கதவுக்கு வெளியே நிற்பவனுக்குத்தான் வேதம் எல்லாம்.
உள்ளே இருப்பவனுக்கு ஒரு வசனமும் தரப்படவில்லை.
எனக்குத் தெரிந்த ஒருவர்
மலையேறும்போதெல்லாம் ஒரு வளைவில்
என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நிற்பார்.
பின்னால் ஹாரன் அடிப்பார்கள்,
தாயைச் சேர்த்துத் திட்டுவார்கள்.
எங்கள் சாமிக்குச் சூடம்தான்.
அங்கே மட்டும் மெழுகுவத்தி.
காற்று அணைக்கும். மறுபடி கொளுத்துவார்.
தெய்வம் நின்று கொல்லும் என்கிறார்கள்.
அங்கே நிற்பது யார் என்று எனக்கு விளங்கவில்லை.”

‘பாடத்தில் இல்லை’ என்று
ஓரத்தில் எழுதினேன்.
உண்மைதான், பாடத்தில் இல்லை.

நான் யாரென்று இவளுக்குத் தெரியுமோ?
தெரிந்தா எழுதினாள்?
பதிமூன்றாம் வளைவு வரும்போதெல்லாம்
பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்கிறவள் நான்.
கைப்பிடிச் சுவரில் மெழுகு உறைந்திருக்கிறதா
என்று கேட்டால்
சாட்சி சொல்ல என்னால் ஆகாது.

மற்ற விடைகளைக் கூட்டினேன்: முப்பத்து மூன்று.
தேற நாற்பது வேண்டும்.
ஆறு போடலாம்.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்;
யாரும் கேட்கப்போவதில்லை.
மூடியைக் கழற்றினேன், மாட்டினேன்,
மறுபடி கழற்றினேன்.

எட்டுக்குத் தகுந்த விடை.
ஏழு போட்டு வட்டமிட்டேன்.
அந்த ஒன்று
என்னிடமே இருந்துவிட்டுப் போகட்டும்.

விரலெல்லாம் சிவப்பு மை.
கை கழுவக் குழாயைத் திறந்தால்
காற்றுதான் வருகிறது; தண்ணீர் விட்டு எட்டு நாள்.
சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.
நாற்பத்திரண்டாவது தாள்.
‘வேதத்தை அவன் சாணைக்கல்லாக