நான்காம் கியர்

மனாடோவிலிருந்து வரும் இரவுக் கப்பல்
விடியுமுன் ஊலூவில் கயிறு கட்டும்.
முதலில் கோழிக்குஞ்சுகள் இறங்கும்,
பிறகு சிமென்ட், பிறகு தூக்கம் கலையாத மாணவர்கள்,
எல்லோருக்கும் கடைசியில் என் நீலப் பெட்டி.
உள்ளே இருபது குழந்தைகளுக்கான தடுப்பூசி.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது,
எட்டுக்கு மேலே ஏறக் கூடாது.
ஏற்றமும் இறக்கமும் தவிர
வேறெதுவும் தெரியாத தீவில்
இதைச் சுமந்து திரிவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஊலூ என்றால் கடையும் துறைமுகமும்.
ஒண்டோங் என்றால் அலுவலகமும் முத்திரையும்.
நடுவே மலை முதுகில் ஒரே சாலை,
ஜாதிக்காய் மரங்களுக்குள்
கொண்டை ஊசி, அடுத்துமொரு கொண்டை ஊசி.
தக்காளிக்கு இந்தப் பக்கம்,
கையெழுத்துக்கு அந்தப் பக்கம்.
கல்யாணம் பண்ணிக்கொள்ள
இரண்டு பக்கமும் போய்வர வேண்டும்.

வடக்குச் சாலைதான் பாதியில் நின்றுபோனது.
மூன்று வருடம் முன்பு
எரிமலை கடலுக்கு இறங்கிப் போனபோது
போகிற போக்கில் பாலத்தையும் கூட்டிப் போனது.

நோஃப்ரிட்ஸ் அன்று அந்தப் பக்கம் இருந்தான்.
சபைக்கு வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளையும்
ஒரு பன்றிக்குட்டியையும் இறக்கிவிட்டு
வண்டியைத் திருப்பினான்,
திரும்புவதற்குச் சாலை இல்லை.
படகேறி அவன் வீடு வந்தான்.
பின்கண்ணாடியில் மகள் குளோரிட்டாவின் பெயர் எழுதிய
வெளிர்நீல மிக்ரோலெட் வரவில்லை.

அதன்பின் அவன் தொழில் நான்கு கிலோமீட்டர்:
உறைந்த லாவாவின் ஓரத்திலிருந்து
கடலோரம் சாலை தீரும் ஊர்வரை.
பெட்ரோல் மஞ்சள் கேனில் படகில் வரும்.
டயர் ஒருமுறை
யாருடைய சவப்பெட்டிக்கோ துணையாக வந்தது.
அங்கே போலீஸ் இல்லை,
அதனால் அவன் வண்டிக்கு விளக்கும் இல்லை.

நடுவில் இருக்கும் கருங்கல்லை
நாங்கள் நடந்து கடப்போம்.
மழை பெய்தால் அது புகையும்.
செருப்புக்கு அடியில் இன்னும் வெதுவெதுப்பு,
பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வேன்.
இந்தக் கரையில் இறக்கிவிடும் ஓல்ஃபின்ஸே
"பாதித் தூரம்தான், ஆனா முழுக் காசு" என்பாள்.
அந்தக் கரையில் ஏற்றிக்கொள்ளும் நோஃப்ரிட்ஸும்
வார்த்தை மாறாமல் அதையே சொல்வான்.
எங்கள் வடக்குச் சாலையின் கணக்கில்
இரண்டு பாதி சேர்ந்தால் இரண்டு.

போன வாரம் புல்டோசர் வழி திறந்தது.
அதிகாரி வரவில்லை, ரிப்பன் வந்துவிட்டது.
யாரோ அதைப் பல்லால் கடித்து அறுத்தார்கள்.
முதல் வண்டி நோஃப்ரிட்ஸுடையது.
முன்னிருக்கையில் நான், மடியில் பெட்டி.

கருங்கல் தாண்டி
தென்னைகளுக்கு நடுவே சாலை நேரானது.
எஞ்சின் அலறத் தொடங்கியது.
"மாத்தேன்" என்றேன்.
கை கியர்க் கம்பியின் மேல் இருந்தது,
நகரவில்லை.
நான்கு கிலோமீட்டரில் மூன்றுக்கு மேல்
போட இடமிருந்ததில்லை.
"நாலு எந்தப் பக்கம் இருந்தது?"
என்று என்னைக் கேட்டான்,
வண்டி ஓட்டத் தெரியாத என்னை.

எதிரே ஓல்ஃபின்ஸே வந்தாள்.
ஜன்னலுக்கு ஜன்னல் நிறுத்தினாள்.
வாழ்த்து, சிரிப்பு, ஒரு சிகரெட்.
பிறகு மெதுவாக,
"இனி முழுத் தூரம் யாருக்கு?"

அவன் தென்னைகளைப் பார்த்தான்.
நான் பெட்டியின் முள்ளைப் பார்த்தேன்.
திரும்பும் வழி, உள்ளே ஒன்றுமில்லை,
வெறும் பழக்கம்.
ஒன்பதில் நின்றது.