வெறுங்கல்

பிடோக் நிலையத்தில்
கட்டணக் கதவுக்கு உள்ளே நான், வெளியே அவள்.
அட்டையைத் தட்டி வெளியேறினால்
திரும்ப நுழைய இன்னொரு முறை காசு.
அதனால் இந்த ஊரில் பாதி வியாபாரம்
இடுப்புயரக் கதவுக்கு மேலேதான் கைமாறும்:
பழைய காலணி, பாட நூல்,
ஒருமுறை கித்தார்கூடப் பார்த்திருக்கிறேன்.
நான் வந்தது ஒரு பவளத்துக்கு.

கட்டைவிரல் நகமளவுத் துண்டு.
படத்தில் ஊதாவும் பச்சையுமாய் எரிந்தது.
அதற்கு எத்தனை இதயம் விழுந்தது என்று
ஹாஸிக்கிடம் காட்டிக்கொண்டே
அட்மிரல்ட்டியில் ரயில் ஏறியவன் நான்.

ஷு ஹுய் பள்ளிச் சீருடையில் நின்றாள்.
உயர்நிலை மூன்று இருக்கும். என்னைவிடச் சின்னவள்.
அவள் கைப்பையில் நெகிழிப் பை,
நெகிழிப் பைக்குள் கடல்,
கடலுக்குள் காப்பித்தூள் நிறத்தில் ஏதோ.
"இதுவா?"
"நீல விளக்கில்தான் அப்படித் தெரியும்.
பகலில் இதுதான் அதன் முகம்."

பிறகு கேட்டாள்,
"உன் தொட்டிக்கு என்ன வயது?"
மூன்று வாரம் என்றேன்.
ஒரு வாரம் கூட்டிச் சொல்லியிருந்தேன்.

நீட்டிய கை திரும்பிப் போனது.
"செத்துடும்" என்றாள்,
விலை சொல்வது போல.

எனக்குப் பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள்.
நிலைய ஊழியர் எட்டிப் பார்த்தார்.
முப்பத்தைந்து வெள்ளியை விரலிடுக்கில் பிடித்தபடி
முகம் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவள் பையின் அடியிலிருந்து
ஈரத்துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள்.
ஒரு கல்.
கரடுமுரடாய், அழுக்காய், ஓட்டை ஓட்டையாய்.
"என் தொட்டியில் நான்கு வருஷம் கிடந்தது.
காசு வேண்டாம்.
இரண்டு மாதம் கழித்துப் பவளத்துக்கு வா."

இரண்டு கோடு மாறி, மடியில் நாற்றத்தோடு,
வெறுங்கல்லைச் சுமந்து வீடு வந்தேன்.

கடல் சூழ்ந்த தீவில்
உப்பைப் பொட்டலமாய் வாங்கி
வாளியில் கடல் கரைக்கிறவன் நான்.
பதின்மூன்றாம் மாடி, காலணி அலமாரிக்கு மேல்
இரண்டடி நெய்தல்.
நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று
தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
காத்திருப்பது என்றால்
தினமும் சோதனைக் குழாயில் எட்டுச் சொட்டு விட்டு
ஐந்து நிமிடம் குலுக்கி
பச்சை மஞ்சளாகுமா என்று வெள்ளைத் தாளில் பார்ப்பது
என்று எந்த உரையிலும் இல்லை.

கல்லைப் படமெடுத்துப் போட்டேன்.
"மீன் எங்கே?" என்றான் ஒருவன்.
"தம்பி, சிமெண்டா?" என்றான் இன்னொருவன்.
ஹாஸிக் மட்டும் இதயம் போட்டான்,
அதுவும் தூக்கத்தில் விரல் பட்டிருக்கும்.

அம்மா மின்கட்டணத் தாளை விசிறியாக்கிக்கொண்டு
"கல்லுக்கு எதுக்குடா விளக்கு?" என்றாள்.
பதில் இல்லை.
விளக்கை அணைத்தேன்.

பதினொன்றாம் நாள் பச்சை கொஞ்சம் வெளிறியது.
பன்னிரண்டாம் நாள் மறுபடி பச்சை.
அன்று கல்லை எடுத்துக் குப்பைக்குழாயில் போட
கை வரை வந்தேன்.

அம்மா பேருந்து ஓட்டுகிறாள். முதல் பேருந்து அவளுடையது.
நாலு மணிக்கு எழுந்து
வீட்டு விளக்கைப் போடாமல்
கைப்பேசி வெளிச்சத்தில் காலணி தேடுவாள்.

நான் எழுந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.
தரையில் அவள் காலணியில் ஒன்று
திசை மாறிக் கிடந்தது,
குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டது போல.

கைப்பேசியில் அவள் செய்தி,
நாலு இருபத்தாறுக்கு வந்தது:
நூல் மாதிரி அஞ்சு கை.
டேய், உன் கல்லு என்னைப் பார்த்துக்
கை ஆட்டுது.