சலவை முறை

புதன்கிழமை மெஷின் எனக்கு.
பீல் நகரத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில்
உடுப்புகள் சுற்றிக்கொண்டிருக்க,
மூன்றாம் மாடியில் நான்
தீப்பெட்டி அளவு கணினிக்கு முன்னால்.

புதிய பதிப்பு தயார் என்கிறது திரை.
இருப்பதன் மேலேயே ஏற்றலாம்;
பெயின்டின் மேல் பெயின்ட்,
உள்ளே உரிந்தது உரிந்தபடி.
போன தடவை எழுபத்து மூன்று வீதத்தில் நின்று
விடிய விடிய எழுபத்து மூன்றாகவே இருந்தது.

அல்லது
கார்டைக் கழற்றித் துடைத்து
முதலிலிருந்து.

கஜீபன் இடக்கைக்காரன்.
குதிக்கிற பொத்தானைத் தன் வசதிக்கு
மாற்றி வைத்திருந்தான்.
இரண்டு வருசம் வாடகை பாதிப் பாதி,
பொத்தான் மட்டும் முழுக்க அவனுடையது.
மார்ச்சில் லொசானுக்குப் போனான்,
ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு.

துடைத்தேன்.
பதினொரு நிமிசம்.
(சேமித்த ஆட்டங்களை மட்டும் ஒரு பென்டிரைவில் போட்டேன்.
அவனுடையதையும்தான். கேட்டால் கொடுக்கலாம்.)

மெனு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.
பொத்தான்கள் கம்பெனி சொன்ன இடத்தில்.
முதல் மட்டம், முதல் பள்ளம்:
கட்டைவிரல் தானாகப் போய்
பழைய இடத்தில் அமத்த
விழுந்தேன்.
மறுபடியும்.
மறுபடியும்.

கீழே மெஷின் நின்றுவிட்டது.
அடுத்த முறை மதாம் ஜுயெராவுக்கு;
ஒரு நிமிசம் பிந்தினாலும்
என் ஈர உடுப்பை
யாருடையதோ கூடையில் போட்டுவிடுவார்.