ஒன்பது பொட்டலம்

கட்டை விரலைப் பல்லால் உரித்துக்கொண்டே
வந்தாள் சலோஷ்ணி.
மீதி ஒன்பதையும் நீ எடு, சீக்கிரம், என்றாள்.

சந்தை கலைகிற வெள்ளிக்கிழமைச் சாயங்காலம்.
என் கடை என்பது
அண்ணனின் கார் விற்றுப்போன கராஜ்.
சுவரில் விலைப்பட்டியல்:
ஜெல் போட இருநூற்றைம்பது ராண்ட், எடுக்கத் தொண்ணூறு.
எடுக்கக்கூடக் காசா என்று கேட்காதவர்
சாட்ஸ்வர்த்தில் இன்னும் பிறக்கவில்லை.
இவள் கேட்கவில்லை.

விளக்கடியில் கட்டை விரலைத் திருப்பினேன்.
சாயத்தோடு நகத்தின் ஓர் அடுக்கும் போயிருந்தது,
சுவரொட்டியைக் கிழித்தால் சுண்ணாம்பும் வருமே
அந்த மாதிரி
வெள்ளை வெள்ளையாய்.
சுடுதண்ணி பட்டா எரியுதா?
எரியுது.
அப்போ இதுக்கு இன்னைக்கு அசிட்டோன் கிடையாது, எண்ணெய் மட்டும்.

மற்ற விரல்களில்
மேல்மினுக்கை மட்டும் அரத்தால் தேய்த்தேன்.
நிறம் மங்கியதும் கை நிற்க வேண்டும்.
நகம் தெரிகிறவரை தேய்ப்பவள்
வேறு வேலை பார்க்கலாம்.
அடியில் புதிதாய் வளர்ந்த வெறும் நகம்
ஒரு நெல்லின் அகலம்.
மூணு வாரம் இருக்குமா என்றேன்.
இருபத்து நாலு நாள் என்றாள்,
யோசிக்காமல்.

விரலோரத்துத் தோலுக்கு வாசலின்.
நகத்தளவு பஞ்சு, நனைத்து,
மேலே வெள்ளித்தாள், இறுக்கி ஒரு முறுக்கு.
ஒன்பதாவதை முறுக்கும்போது கரண்ட் போயிற்று.
அட்டவணையில் எட்டு மணி என்றுதான் இருந்தது.
சார்ஜ் விளக்கைப் பரீட்சைக்குப் படிக்கிறவன்
கொண்டுபோயிருந்தான்.

மெழுகுவத்தி இல்லையா?
இந்த வாசனை போகிறவரை இங்கே
தீக்குச்சிகூட வேண்டாம் என்று
தடவித் தடவிப் புட்டியை மூடினேன்,
காற்றுக்காகக் கராஜ் கதவை
இன்னும் ஒரு முழம் தூக்கினேன்.
பதினைந்து நிமிடம்.
இருட்டில் அது நீளம்.

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது.
நீல வெளிச்சம் ஒன்பது தாள்களிலும் ஏறியது.
அழைப்பவர் பெயர்
ஆங்கில எழுத்தில், ஆனால் தமிழ்:
எடுக்காதே.

உரக்கப் படித்துவிட்டேன்.
எடுக்கவா, என்றும் கேட்டுவிட்டேன்.
இப்போதானே படிச்சே, என்றாள்.
இருவரும் சிரித்தோம்.
போன் நின்றது, நாங்களும் நின்றோம்.

இரண்டாம் தரம் அடித்தது.
தாள் சுற்றிய விரல்கள்
மேசையில் அசையாமல் கிடந்தன,
வேகவைக்கக் கட்டிய பொட்டலங்கள்போல.
மூன்றாம் தரம்
வெறுமனே இருந்த ஒரே விரல் நகர்ந்தது.
பல்பட்ட, எண்ணெய் பூசிய கட்டை விரல்.
பச்சை வட்டத்தைத் தொட்டது, இழுத்தது.
வழுக்கியது.
மறுபடி இழுத்தது.
அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

எண்ணெய்தான் காரணம் என்று
நான் சொல்லவில்லை.
அவளும் கண்ணாடியில் படிந்த மெழுக்கைத்
துடைக்கச் சொல்லவில்லை.

நேரமானதும் ஒவ்வொன்றாய் உருவினேன்,
அவள் போனின் டார்ச்சை
தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு.
ஆறிய பாலின் ஆடைபோல்
சுருங்கி விலகியிருந்தது சிவப்பு.
மரக்குச்சியால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.
இடது சுண்டுவிரல் மட்டும் விடவில்லை.
சுரண்டேன், என்றாள்.
மாட்டேன்.
மறுபடி பஞ்சு, மறுபடி தாள்,
இன்னும் ஐந்து நிமிடம்.

இந்த ஐந்தில்
போன் அடிக்கவில்லை.
அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள்,
நான் அவளைப் பார்க்காதபடி.

கழுவி, துடைத்து, பத்துக்கும் எண்ணெய்.
ஒரு மாதம் எதுவும் போடாதே,
பாத்திரம் தேய்க்கக் கையுறை போடு என்றேன்.
நூறு ராண்ட் கொடுத்தாள்.
பத்தோடு, எடுக்காத விரலுக்கு ஒன்பது சேர்த்து
பத்தொன்பது திருப்பித் தந்தேன்.
அதற்கும் சிரித்தாள், கொஞ்சம்.

கேட்டை முழங்கையால் தள்ளித் திறந்து,
விரல்களை விரித்து வைத்து
ஊதிக்கொண்டே இறங்கிப் போனாள்,
காய வேண்டியது
எதுவும் இல்லாத விரல்களை.