தூள் போகும் வழி

முதிரைக்குத் தும்மல்,
பலாவுக்கு வேர்வையே மஞ்சள்.
ரூட்டர் மேசை பூட்டின நாளிலிருந்து
உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைச் சனம்
இன்றைக்கு என்ன மரம் ஓடுது என்று
இருமியே சொல்லும்.

வேலிக்கு அங்கால் சத்தியபாமா
காயப்போட்ட ஒடியலைச் சுளகோடு கொண்டுவந்து
மேசையில் வைத்தாள்.
ஒன்றும் கதைக்கவில்லை.

ஞாயிறு, கடை பூட்டு.
மூடியோடு ஒரு பெயின்ற் வாளி,
கிணற்று வேலையில் மிஞ்சின எஸ்லோன் பைப்,
இரண்டு வளைவு,
பழைய வாக்யூம் மெசின்.
காற்று வாளியின் ஓரத்தை உரசிக்கொண்டு
சுத்திச் சுத்தி இறங்கவேண்டும்;
நேரே போனால் தூளும் நேரே போகும்.
மூட்டுகளுக்குச் சைக்கிள் ரியூப் சுற்றினேன்.
சுவிச்சைப் போட்டேன்.
வாளி
சப்பிக்கொண்டு உள்ளுக்குப் போச்சு.

நல்லகாலம், ஒருவரும் பார்க்கவில்லை.

சின்னப்பிள்ளைச் சைக்கிள் றிம் ஒன்றை
உள்ளே வளையமாய் இறுக்க, நின்றது.

திங்கள் காலை பலா.
மஞ்சள் அரைச்சாண் எழும்பி,
எதையோ மறந்துவிட்டு வந்த ஆள்மாதிரித் திரும்பி
பைப்புக்குள் போச்சு.
பதினொரு வருசத்தில் முதல்தரம்
கத்தி கடிக்கிற இடத்தை
கடிக்கும்போதே கண்டேன்.

வெள்ளிக்கிழமை சத்தியபாமா வந்தாள்,
கையில் வெறுஞ்சாக்கு.
'கோழிக்கூட்டுக்கு விரிக்க
கொஞ்சம் தூள் இருக்கே?'

வாளியைத் திறந்தேன்.
அடியில் திங்களின் மஞ்சள்,
நடுவில் ஏதோ சிவப்பு,
மேலே நேற்றைய வெளிறல்.
குனிந்து மணந்து பார்த்தாள்.

'மேலே கிடக்கிறது வேண்டாம்.
முதிரை.
கோழி தும்மும்.'