லீக்ஸ் பாத்தியில் மெஷின்

குருநாகலில் இருந்து வந்தான் தம்மிக்க.
ராஜா காலத்துக் காசு கிடக்குமாம் கந்தப்பளையில்.
குழிக்கு நூறு ரூபாய்,
லீக்ஸ் செத்தால் தனிக் கணக்கு என்றேன்.
தலையாட்டினான்.

பனி விலகவில்லை.
மெஷின் முதலில் கத்தியது மீன் டின்னுக்கு.
பிறகு குடைக்கம்பி,
மருந்துப் போத்தல் மூடி,
போன மாரியில் என் புருஷன் தொலைத்துவிட்டு
என்மேல் பழி போட்ட மண்வெட்டிப் பூண்.

குந்தியிருந்து களை பிடுங்கிய என் பக்கம்
விளையாட்டாகத் தட்டை நீட்டினான்.
கீச்சென்றது.
அவனுக்குக் கண் விரிந்தது.
சட்டை ஊசி, தம்பி.
கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான்.
தங்கம் வேண்டுமென்றால் டவுனுக்குப் போ,
அடகுக்கடை இரும்புப் பெட்டிக்கு முன்னால் நில்.
காது கிழியும்.

எவ்வளவு தமிழ் புரிந்ததோ, சிரித்தான்.

பதினோராவது குழியில் ஒரு பித்தளைத் துண்டு.
ரெண்டு ரூபாக் குற்றி அளவு,
மேலே ஓட்டை, நடுவில் எண்: 186.
ராஜா முகம் இல்லை.
வரப்பில் எறிந்துவிட்டு
ஆயிரத்து நூறு எண்ணித் தந்தான்.

எடுத்து முந்தானையில் துடைத்தேன்.
என் சீட்டு நாலாயிரத்துச் சொச்சம்,
ஆவணிக்குள் வட்டி கட்ட வேண்டும்.
இது நூற்றெண்பத்தாறு.
யார் வைத்ததோ,
மீட்க வரவில்லை.