கோபித்துக்கொண்டு போக ஒரு வீடு

கியூர்பிப்பில் எதுவும் காய்வதில்லை.
ஜூலையில் துவைத்த ஜீன்ஸ்
ஆகஸ்டில்தான் கொடியை விட்டு இறங்கியது.
இங்கே இரண்டே பருவம் என்கிறார் கடைக்காரர்:
மழைக்காலம்,
அப்புறம், மழை பெய்யும் காலம்.

செவ்வந்திக்கு எபேனில் வேலை. ஆறே முக்கால் பஸ்.
எனக்கு அவள் விசாவில் ஓர் ஓரம்:
'உடன் வந்தவர்'.
உடன் வந்தவர் சமைக்கிறார்.
ஜன்னல் விளிம்பில் பூத்த பூஞ்சையைத் துடைக்கிறார்.
ஐந்தரைக்குக் குடையோடு
பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார்.

முதல் நான்கு மாதம்
எங்களுக்கு நாங்கள்தான்.
சிரிக்க அவள்,
சண்டை போட அவள்,
போட்ட சண்டையைச் சொல்லிப் புலம்பவும்
அவளையே தேட வேண்டும்.
திருப்பூரென்றால் மகுடபதியின் பைக் இருக்கும்.
ஒரு டீ, ரெண்டு கெட்டவார்த்தை,
ஆறிவிடும்.
இங்கே கோபத்தில் கதவைச் சாத்தினால்
அந்தப் பக்கம் குளியலறை.
அதில் எவ்வளவு நேரம் உட்கார்வது?
ஒருமுறை நாற்பது நிமிடம்.
வெளியிலிருந்து "அவசரம்" என்றாள்.
சமாதானம் அப்படித்தான் ஆனது.

அக்டோபரில்
பக்கத்து வீட்டுக் கொடி சுவர் தாண்டி வந்தது.
எங்கள் பக்கம் மூன்று காய்.
பறிக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் விவாதம்.
மூன்றாம் நாள் சுவருக்கு மேல் ஒரு தலை,
நரைத்த சுருள்முடி, வாயில் துணிக் கிளிப்.
"சூசூ!" என்றது.
"சௌசௌ!" என்றேன்.
காயைச் சுட்டிக்காட்டி
கொஞ்ச நேரம் இருவரும் அதையே
சொல்லிக்கொண்டிருந்தோம்.
கிளிப்பை எடுத்துவிட்டு
ஜிஸ்லேன் என்று பெயர் சொன்னார்.
மறுநாள் கூட்டு செய்து கொடுத்தேன்.
கிண்ணம் திரும்பி வந்தபோது
அதில் நான்கு முட்டை இருந்தன.

நவம்பரில் ஒரு ஞாயிறு.
குக்கர் வளையத்தில் ஆரம்பித்தது.
நடுவில் என் வேலையில்லாமை வந்தது,
அவள் அண்ணன் வந்தான், அவன் கார் வந்தது,
கடைசியில்
சொல்லக்கூடாததை நான் சொன்னேன்:
"நீ கூப்பிட்டதால்தானே வந்தேன்."
அவள் பதில் பேசவில்லை.
பேசியிருக்கலாம்.
குடை எடுக்காமல் வெளியே நடந்தேன்.
பத்தொன்பது அடியில் ஜிஸ்லேன் வீட்டு கேட்.

கதவைத் திறந்தவர்
என் முகத்தைப் பார்த்து "ஆயோ" என்றார்.
அந்த நிமிடம்
வேறெந்த க்ரியோல் சொல்லும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.
துண்டு கொடுத்தார், மஞ்சளில் நீலக்கோடு.
அவர் கணவர் ரெமோன்
டோமினோ கட்டைகளை ஒதுக்கி
மேசையில் என் முழங்கைக்கு இடம் பண்ணினார்.

எனக்குத் தெரிந்த க்ரியோலில்
தக்காளி விலை கேட்கலாம், பஸ்ஸை நிறுத்தலாம்.
மனைவியைக் குறை சொல்ல வராது.
தமிழிலேயே சொன்னேன். முழுக்க.
குக்கர் வளையம், அண்ணன், கார், எல்லாம்.
ரெமோன் தலையாட்டிக் கேட்டார்.
சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டி
தானும் ஒரு பெருமூச்சு விட்டார்.
நான் சொல்லக்கூடாததைச் சொன்ன இடத்தில் மட்டும்
தலையாட்டல் நின்றது.
என் குரலில் கண்டுபிடித்திருப்பார்.
ஒரு கட்டையை என் பக்கம் தள்ளினார்: உன் முறை.

இரண்டு ஆட்டம் தோற்ற பிறகுதான் கவனித்தேன்,
சமையலறையில் யாருமில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம்,
என் வீட்டில், இரண்டு பெண்கள்
சிரிக்கும் சத்தம்.
ஒன்று ஆபீஸில் பழகிய பிரெஞ்சில்,
இன்னொன்று முட்டை விற்கிற க்ரியோலில்.

இரவு பாயில் முதுகு காட்டிப் படுத்திருந்தவளிடம்
கேட்டேன்:
"அப்படி என்ன சொன்னே அவங்ககிட்ட?"
"உனக்கென்ன?" என்றாள்.
"நீ என்ன சொன்னே?"
"அது எங்களுக்குள்ள."
ஐந்து மாதத்தில் முதல்முறையாக
ஒருவருக்குத் தெரியாதது
இன்னொருவரிடம் இருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து அவள் கால்விரல்
என் கணுக்காலைத் தேடி வந்து
குளிர்ச்சியாக நின்றது.

ஜிஸ்லேனின் துண்டு எங்கள் கொடியில் தொங்குகிறது.
காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
இன்றும் மழை.